கல்வராயன் மலையும் கோமுகி அணையும்

தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவே கிடப்பதால் நடுநாடு எனப் பெயர் பெற்ற நிலப்பகுதிக்கு மேற்கெல்லையாக நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான இம்மலை, சேலம் மாவட்டத்தையும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் பிரித்தும் இணைத்தும் கிடக்கிறது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். பெயரில் சின்னது 2,700 அடி அளவில் நிற்க, பெரியது 4,000 அடி வரை உயர்கிறது. நீலகிரி போலவோ பழனிமலை போலவோ பாட்டிலும் பயணநூலிலும் இடம்பெற்ற மலையன்று இது. ஆயினும், இதன் உச்சியில் விழும் மழை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்தே கீழேயுள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உலை கொதிக்கிறது.

வடசரிவில் விழும் மழை தென்பெண்ணையை நாடும். ஏனைய சரிவுகளின் நீர் பெரும்பாலும் வெள்ளாற்றைச் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கும். அவ்வாறு கலப்பதற்கு முன் அந்நீரைத் தடுத்து நிறுத்த மலையடிவாரத்தைச் சுற்றி நான்கு அணைகள் எழுந்துள்ளன. சேலம் பக்கத்தில் ஆனைமடுவு அணையும் கரியகோவில் அணையும், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் கோமுகி அணையும் மணிமுக்தா அணையும். நான்கும் பேரணைகள் அல்ல. மேட்டூரோடு ஒப்பிட்டால் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால், ஒரு மலையின் நீரை அடிவாரத்திலேயே நான்கு புறத்திலும் பிடித்து வைப்பது என்பது சிறிய செய்தியன்று. அந்நான்கில் 1965ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கோமுகி அணையின் வரலாறு ஒரு தனிக் காரணத்தால் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பெயரும் ஆறும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கச்சிராயபாளையத்தை அடுத்து, மலை சமவெளியில் இறங்கும் இடத்தில் கோமுகி அணை அமைந்துள்ளது. கல்படை, பொட்டியம், மாயம்பாடி எனத் தாம் கடந்துவரும் சிற்றூர்களின் பெயரையே தாங்கிய ஓடைகள் மலையிடுக்குகளிலிருந்து இறங்கி இங்கே ஒன்றுசேர்கின்றன. அணையைத் தாண்டிய பின் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி வழியே கிழக்கு நோக்கிச் சென்று, விருத்தாசலத்துக்கு மேலே மணிமுத்தாற்றில் கலக்கிறது.

கோமுகி என்பது ஆன்முகம் என்று பொருள்படும். திருக்கோயில்களில் கருவறையிலிருந்து திருமுழுக்கு நீர் வெளியே வந்து விழும் தூம்பின் வாயைக் கோமுகை என்றழைப்பர். ஆற்றுக்கு இப்பெயரை இட்டவர் எவராயினும், மலையையே கருவறையாகக் கண்டு, அதிலிருந்து வெளிப்படும் நீரை அடியவர் கையேந்திப் பெறும் நீராக எண்ணியிருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை. கோயிலில் கோமுகையின் அடியில் நிற்பவர் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவர். உள்ளே முழுக்காட்டியவர் யார் என்று கேட்பவர் அரியர்.

கோமுகி சென்று கலக்கும் மணிமுத்தாறு தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அப்பொன்னை இந்த ஆற்றிலேயே இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்ததாகப் பெரியபுராணம் கூறும். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவது என்னும் வழக்குமொழிக்கும் இதுவே தோற்றுவாய். பொன்னை இடுமுன் சுந்தரர் அதில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். இட்டதும் எடுத்ததும் ஒன்றுதானா என உரைத்துப் பார்ப்பதற்கான முன்னேற்பாடு அது. இறைவனிடத்தும் கணக்கில் கவனம் வேண்டும் என்று எண்ணிய அந்த அடியாரை இன்றைய பாசனக் கணக்காளர்கள் தம் முன்னோடியாகக் கொள்ளலாம். இதே ஆறு வெள்ளாற்றோடு கூடுமிடமான கூடலையாற்றூரும் சுந்தரரால் பாடப்பெற்ற தலமே. நடுநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் இருபத்திரண்டில் இரண்டு, கல்வராயன் மலைநீர் செல்லும் வழியில் நிற்கின்றன.

பெயர் பற்றி ஒரு சொல். திருநெல்வேலிப் பக்கத்து மணிமுத்தாறு வேறு. அங்குள்ள அணையும் வேறு. கள்ளக்குறிச்சிப் பகுதி அணையை மணிமுக்தா அணை என வடமொழி ஒலியோடு எழுதுவது, இந்த மயக்கத்தைத் தவிர்க்க உதவுகிறது. கோமுகி அணைக்கு ஐந்தாண்டுகள் பின்னர், 1970இல், அது கட்டப்பட்டது. அதன் முழு உயரம் 36 அடி, கொள்ளளவு 736.96 மில்லியன் கன அடி. கோமுகியின் உயரம் 46 அடி, கொள்ளளவோ 560.96 மில்லியன் கன அடிதான். உயரத்தில் மூத்தது, வயிற்றில் சிறுத்தது.

பழைய பாசனம், புதிய பாசனம்

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோமுகி அணையைத் திறக்கும்போது அரசு வெளியிடும் ஆணையில் இரண்டு எண்கள் இடம்பெறும். பழைய பாசனம் 5,860 ஏக்கர். புதிய பாசனம் 5,000 ஏக்கர். ஆக 10,860 ஏக்கர். பலரும் மொத்தத்தைப் படித்துவிட்டு முன்னிரண்டையும் மறந்துவிடுகின்றனர். வரலாறு அந்த முன்னிரண்டில்தான் இருக்கிறது.

பழைய பாசனம் என்பது அணை எழுவதற்கு முன்பே கோமுகி நீரால் விளைந்த நிலம். ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய அணைக்கட்டுகள் நீரைத் திருப்பி வாய்க்காலில் விடும். வாய்க்கால் ஏரியை நிரப்பும். ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். இந்த அமைப்புக்குப் பொறியாளர் பெயர் பொறித்த கல் இல்லை. தலைமுறை தலைமுறையாக மதகைத் திறந்தவரும் மடையை மாற்றியவரும் கரையில் மண்ணிட்டவருமே அதன் ஆசிரியர்கள். 1965இல் வந்த அணை இவர்களின் உரிமையை அழிக்கவில்லை. அழிக்க இயலவும் இல்லை. ஆதலால் அணையிலிருந்து ஆற்றின் வழியே பழைய பாசனத்துக்கும், புதிதாக வெட்டிய முதன்மைக் கால்வாய் வழியே புதிய பாசனத்துக்கும் எனத் தண்ணீர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டது. மணிமுக்தாவில் நிலைமை மாறுபட்டது. அங்குப் பழைய பாசனம் 1,243 ஏக்கர் மட்டுமே. புதியது 4,250 ஏக்கர். புதிய நிலத்தை விளைவித்த அணை என்று மணிமுக்தாவைச் சொல்லலாம். கோமுகியின் பணியில் பாதிக்கு மேல் ஏற்கெனவே விளைந்த நிலத்தைக் காத்து நிற்பது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். நிறைந்த கோமுகி அணையின் நீரை 10,860 ஏக்கருக்கும் சமமாகப் பரப்பினால், வயலில் ஓர் அடிக்குச் சற்று மேலாக மட்டுமே நிற்கும். நெற்பயிர் ஒரு போகத்துக்கு ஏறத்தாழ நான்கு அடி நீரை வேண்டும். கரும்பு அதனினும் கூடுதலாகக் குடிக்கும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தபின் அணையின் கீழ்ப்புறம் கரும்பும் நெல்லுமாகவே நிறைந்திருக்கிறது. அங்ஙனமாயின், ஒருமுறை நிறைந்த அணை ஒரு போகத்தைக் கரையேற்றுவது எவ்வாறு? அணை ஒருமுறை நிறைந்தால் போதாது. திறந்துவிட்ட பின் மறுபடியும் நிறைய வேண்டும். மலையில் மழை விட்டு விட்டுப் பெய்ய வேண்டும்; பெய்த மழையைக் காடு தாங்கி நின்று, ஓடைகளில் சிறிது சிறிதாக விட வேண்டும். கீழே ஏரிகள் நீரைத் தேக்கி வைக்க, கிணறுகள் ஊறி மிச்சத்தை ஈடுசெய்ய வேண்டும். அணையைச் சேரும் குடத்துக்கு ஒப்பிடுவது பிழை. அதுவும் ஒரு மடையே. மலைக்காடுதான் குடம்.

இதை உணர்ந்தால், மலையின் மக்கள் இக்கணக்கில் எங்கே நிற்கிறார்கள் என்னும் வினா தானாகவே எழும்.

மலையின் மக்கள்

கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை. பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும், அவர் வழி வந்தோரே தாம் என்றும் அவர்கள் தம் தோற்றக் கதையைச் சொல்வர். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றிலும் இவர்தம் உறவினர் உளர். சாமை, தினை, கேழ்வரகு, பின்னாளில் மரவள்ளி எனப் பெரும்பாலும் வானம் பார்த்த வேளாண்மை. கடுக்காயும் புளியும் தேனும் மலை கொடுப்பவை. ஓடைகளின் தலைமாட்டில் இருந்துகொண்டே மழையை நம்பிப் பயிர் செய்பவர்கள் இவர்கள்.

இம்மலையை மூன்று ஜாகீர்தார்கள் பிரித்து ஆண்டுவந்தனர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்பன அம்மூன்று ஜாகீர்களின் பெயர்கள். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை என்று மரபாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. மலைமேல் ஜாகீர் இருந்தது. நாடு விடுதலை பெற்றது, ஜாகீர் இருந்தது. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் சமவெளியில் சமீன்களை வரலாற்று ஏடாக்கிய பின்னும் கல்வராயன் ஜாகீர்கள் நிலைத்திருந்தன. தாம் உழுத நிலத்துக்கு மலைமக்கள் உரிமையாளர் அல்லர். விளைவில் ஒரு பங்கைக் கொடுப்பதும், ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லா வேலை செய்வதும் அவர்களுக்குக் கடமையாக இருந்தன. 1976இல்தான், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜாகீர்களை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவணரசுச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

இனி, இரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கோமுகி அணை 1965. ஜாகீர் ஒழிப்பு 1976. மலையின் நீரை அளந்து, அடிவாரத்தில் தேக்கி, ஏக்கர் கணக்கில் பங்கிட்டுக் கொடுக்கக் குடியரசுக்கு இயன்ற காலத்தில், அந்நீர் விழுந்த மண்ணில் வாழ்ந்தோர் ஜாகீர்தாரின் குடிகளாகவே இருந்தனர். மணிமுக்தா அணை எழுந்த 1970க்கும் இது பொருந்தும். நீரை எட்டிய கை மனிதரை எட்டப் பதினோர் ஆண்டுகள் கூடுதலாக ஆயின.

இதற்கு அணையைக் கட்டியவர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. 1965ஆம் ஆண்டைத் தமிழகம் மொழிப்போரின் ஆண்டாக நினைவில் வைத்திருக்கிறது. அது அரிசித் தட்டுப்பாட்டின் காலமும் ஆகும். இரண்டாண்டு கழித்து நடந்த தேர்தலில் படி அரிசியின் விலை ஓர் ஆட்சியையே மாற்றும் அளவுக்கு வயிறு பேசியது. கீழ்பவானி, வைகை, சாத்தனூர் எனப் பெரிய அணைகளை எழுப்பிய தலைமுறை, எஞ்சிய சிற்றாறுகளையும் வீணாக்க விரும்பவில்லை. தென்னார்க்காட்டின் வறண்ட மேற்குப் பகுதிக்கு அத்தண்ணீர் தேவைப்பட்டது, வந்தது, விளைந்தது. கள்ளக்குறிச்சியின் அரிசி ஆலைகளும் கரும்பு வண்டிகளும் அதற்குச் சான்று. கேட்க வேண்டியது வேறொன்று. நீர்த்தேக்கத்தின் திட்டத்தில் மழை பிடிக்கும் பரப்பு என ஒரு வரி எழுதப்படும்போது, அப்பரப்பில் ஊர்கள் உண்டு என்பதை எவர் நினைத்தனர்?

பழந்தமிழர் இவ்வகையில் கூர்மையாக நினைத்தவர்களே. ஏரியைத் தூர்வாரிக் காப்பதற்கென நிலத்தை ஒதுக்கி, அதனை ஏரிப்பட்டி என்று வழங்கினர். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் இச்சொல் காணப்படுகிறது. உத்தரமேரூர் சபையில் ஏரி வாரியம் என ஒரு வாரியமே இருந்தது. நீரைக் காப்பவனுக்கு அந்நீரால் விளைந்த பயனில் ஒரு பங்கு என்பதே இவற்றின் உட்கிடை. ஏரிக்கு ஏரிப்பட்டி கொடுத்த நாட்டில், மலைக்கு மலைப்பட்டி என ஒன்று தோன்றவில்லை. ஏரி ஊர் எல்லைக்குள் இருந்தது; காப்பவனும் கண்முன் இருந்தான். அணைக்கு நீர் தரும் மலை ஊருக்கு வெளியே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தொலைவு கூடினால் கடன் மறந்துபோகும் போலும்.

இலக்கியமும் இதில் விலக்கன்று. வைகை அணைக்காக ஊரிழந்தவர்களைக் கள்ளிக்காட்டு இதிகாசம் பாடிற்று. 2003இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நீரில் மூழ்கிய ஊருக்கு ஒரு காவியம் எழுத முடியும். கண்ணீர் கண்ணுக்குத் தெரியும். நீரைக் கீழே அனுப்பிவிட்டு மேலேயே நின்றுவிட்டவர்களைப் பாடுவது கடினம். அவர்கள் எதையும் இழந்ததாகத் தோன்றாது.

பின்னர்

1976க்குப் பின் மலையில் நில அளவையும் பட்டாவும் பள்ளியும் சாலையும் மெல்ல ஏறின. வெள்ளிமலை நிர்வாகத் தலையிடமாயிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் தலைமுறையாகப் பயிரிட்டோர்க்கு உரிமை கோரும் வாயிலைத் திறந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, மாவட்டத் தலைநகர் மலைக்கு அருகில் வந்தது. தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் மாவட்ட ஆட்சியரைக் காண மலைமகன் ஒருவன் கடற்கரைக் கடலூர்வரை செல்ல வேண்டியிருந்தது. அவன் நாட்டு ஓடைநீர் சென்ற திசையும் அதுதான். வெள்ளக் காலத்தில் நீர் விரைவாகச் சென்றிருக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நஞ்சு கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. இறந்தவர்கள் பெரும்பாலும் சமவெளியின் கூலித் தொழிலாளர்கள். ஆயினும் கள்ளச்சாராயம் என்றவுடன் நாட்டின் பார்வை பழக்கத்தால் மலையின் பக்கம் திரும்பிற்று. அப்பார்வையால் நன்மை ஒன்றும் விளைந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை உண்டா, பேருந்து உண்டா, மருத்துவம் உண்டா என நீதிபதிகள் கேட்டனர். அணை கட்டி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின், அணைக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு மன்றம் முறையாகக் கேட்டது.

ஒவ்வோராண்டும் அணை திறக்கும் நாளில் ஆட்சியரும் மக்கள் பிரதிநிதிகளும் மதகருகே நின்று மலர் தூவுகின்றனர். கடைமடைக்கு நீர் எட்டுமா என்று பாசனத்தார் கவலையோடு கேட்கின்றனர், கேட்பது முறையே. தலைமடையைப் பற்றிய பேச்சு அங்கு எழுவதில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை அணையை ஒட்டியே செல்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டிகள் அவ்வழியே சின்னசேலத்தையும் ஆத்தூரையும் நோக்கி இறங்குகின்றன. கல்படை ஓடையும் பொட்டியம் ஓடையும் மழைக்காலத்தில் அவற்றுக்கு முன்னதாகவே இறங்கிவிடுகின்றன.